வயிறு வெளுத்த அரிசி

என் வீட்டுக்காரருக்குக் குழைந்த சோறு ஆகாது. பிடிக்காது என்று சொன்னால் போதாது, ஆகவே ஆகாது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிச் சின்னதாக ஒரு மெஸ் வைத்திருந்தார். சாம்பார் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், பொரியல் தீர்ந்து போகலாம், சோறு மட்டும் உதிரி உதிரியாக விழ வேண்டும். ஒரு பௌர்ணமியன்று மாஸ்டர் அசந்துபோய் உலை குழைந்துவிட்டது. வெளியே கிரிவலக் கூட்டம் வரிசையில் நிற்கிறது. அப்படியே அந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் மாடுகளுக்குக் கொட்டிவிட்டு, மறுபடி உலை வைத்த மனிதர். “கொழஞ்ச சோத்த எலையில போடறதும் ஒண்ணுதான், சாப்புட வந்தவன வெளிய போன்னு சொல்றதும் ஒண்ணுதான்” என்பார். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் கரண்டியால் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பித்தான் தின்பார்கள். அவர்களுக்கும் உதிரிச் சோறுதான்.

நான் டவுனில் ஒரு காலேஜில் தாவரவியல் நடத்துகிறேன். எம்.ஃபில். படித்தபோது, நெல்மணிக்குள் மாவுச்சத்தை உண்டாக்குகிற நொதிகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்தேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆசையாக அவரிடம் அதை விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, உன் என்ஸைமு வந்து உலை வெக்குமா?” என்றார். அன்றிலிருந்து வீட்டில் அதுவே கேலியாகிவிட்டது. பால் பொங்கினால் என்ஸைம் தூங்கிவிட்டது, தயிர் உறையவில்லை என்றால் என்ஸைம் லீவு. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருஷம் சித்திரையில் என் கொழுந்தனாரின் நெல் கெட்டுப்போனது. அவர்தான் கீழ்பென்னாத்தூர் பக்கம் குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். தையில் நட்டு, வெயில் ஏறிய பிறகு அறுக்கிற நவரைப் பட்டம். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து ராத்திரிகள் புழுங்கித் தள்ளின. வயலில் நின்று பார்க்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. மில்லில் பச்சரிசியாக அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பாதிக்குப் பாதி நொய்யாக உடைந்திருந்தது. உடையாத மணியிலும் நடு வயிற்றில் சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளையாக ஒரு திட்டு. மில்காரர் உள்ளங்கையில் கொட்டி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “வயிறு வெளுத்துப் போயிருக்கு. புழுங்க வெச்சி அடிச்சா வெள்ளை கொஞ்சம் மறையும். சோறு கொழையறத மறைக்க முடியாதுங்க” என்று சொல்லிவிட்டாராம்.

கொழுந்தனார் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மேஜையில் அவிழ்த்து வைத்துவிட்டு, “நீங்க இதத்தானே அண்ணி படிச்சீங்க. ஏன் இப்பிடி ஆச்சு?” என்று கேட்டார்.

சொன்னேன். கதிர் பால் பிடிக்கும்போது மணிக்குள் சர்க்கரைதான் வந்து சேருகிறது. அதைக் கோத்துக் கோத்து மாவுச்சத்தாகக் கட்டுவது சில நொதிகளின் வேலை. ஒன்று கிளையில்லாத நீளச் சங்கிலியாகக் கட்டும். வேறு சில கிளைவிட்ட சங்கிலியாகக் கட்டும். கிளையில்லாத சங்கிலி ஜாஸ்தியாக இருந்தால் சோறு உதிரும், ஆறினால் விறைக்கும். கம்மியாக இருந்தால் ஒட்டும், குழையும். ராத்திரியும் சூடு தணியாமல் இருந்தால் அந்த நீளச் சங்கிலி கட்டுகிற நொதி சோர்ந்துவிடும். கட்டியதை உடைக்கிற நொதி ஒன்று இருக்கிறது, முளைக்கும்போது மட்டும் எழ வேண்டியது, அது முன்னாலேயே எழுந்து வேலையைக் காட்டும். மாவு நெருக்கமாக அடையாமல் இடையிடையே சந்து விட்டு நிற்கும். அந்தச் சந்தில் இருக்கிற காற்றுதான் வெள்ளையாகத் தெரிவது. மில்லில் உடைவதும் அதனால்தான்.

“விதை கெட்டது இல்லயா?”

“விதை அதேதான் தம்பி. கார்த்திகை மார்கழியில முத்துனா கண்ணாடி மாதிரி வரும். ராத்திரிதான் மாறிப்போச்சு.”

அவர் முடிச்சைத் திரும்பக் கட்டினார். “தெரிஞ்சி இன்னா பண்றது அண்ணி? வயலுக்கு ஃபேனா போட முடியும்?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் படித்தது எதற்கென்று அன்றைக்கு முதல்முறையாக நினைத்தேன்.

போகும்போது, மாவு அரைக்கவாவது ஆகும் என்று ஒரு மூட்டையை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் மூட்டை வாயைப் பிரித்து ஒரு பார்வை பார்த்தார். “இது என் கடை வாசப்படி ஏறக் கூடாது” என்றார். தம்பி கொண்டுவந்தது என்பதால் தூக்கிப் போடவும் மனசில்லை. மாடிப்படிக்குக் கீழே தள்ளி வைத்தோம்.

ஆடியில் ஒரு காலை, மெஸ்ஸில் உலையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தாராம். நசுக்க வேண்டிய விரல்கள் மூடவில்லை. பருக்கை அப்படியே விரலில் ஒட்டியிருக்க, அவர் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார் என்று மாஸ்டர் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாய் கோணி, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டிருந்தது. பக்கவாதம். தொண்டையின் ஒரு பாதியும் செத்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர் கேட்கிறார் என்று ஒரு வாய் கொடுக்கப் போனேன். நர்ஸ் ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கினார்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். அவர் அதைப் பிடுங்கினார். மறுபடி விட்டார்கள், நல்ல கையைக் கட்டிலில் கட்டினார்கள். ஊருக்கெல்லாம் சோறு போட்ட மனிதரின் கையைத் துணியால் கட்டி வைத்திருந்ததைப் பார்த்து நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். மெல்ல மெல்லக் கொஞ்சம் தேறி, குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். “வாய் வழியா குடுங்க. ஆனா நெஞ்சுக்குள்ள போயிடுச்சின்னா நிமோனியா வரும். ரெண்டு மூணு வாட்டி அப்பிடி ஆனா திரும்பக் குழாய்தான். அப்பறம் எடுக்கறது கஷ்டம்மா” என்றார். அறைக்குள் திரும்பினால் இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கதவு வழியாக எல்லாம் கேட்டிருக்கிறது. தலையை ஆட்டி ஆட்டி ஒரே வார்த்தை சொன்னார். “வேணா.” குழாய் வேண்டாம். நான் சரி என்றேன். என்ன தைரியத்தில் சரி என்றேனோ.

விழுங்கும் பயிற்சி சொல்லித் தர ஒரு பெண் வந்தாள். கஞ்சியின் பதத்தை அவள்தான் சொன்னாள். கரண்டியைச் சாய்த்தால் ஓடக்கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது, ஒரே மொத்தையாக வழுக்கி விழ வேண்டும். நடுவில் பருக்கை கூடாது, தண்ணீர் பிரியவே கூடாது. தண்ணீர்தான் எமன் என்றாள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவளுக்கு.

கஞ்சி கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டதும் அடுத்த பஸ்ஸிலேயே என் நாத்தனார் வந்து இறங்கினார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, கீழ்பென்னாத்தூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். மடியில் வைத்துக் கொண்டுவந்த பையில் பழைய புழுங்கலரிசி. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் நோயாளிக்குப் புது அரிசி போடமாட்டார்கள், மந்தம் பண்ணும் என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சல் விட்டவனுக்கு, படுக்கையில் கிடப்பவருக்கு என்று நல்ல மணியாகப் பார்த்து எடுத்து, வேப்பிலை போட்டுப் பழசாக்கி, தனியாக வைத்திருப்பார்கள். அதை யாருக்கும் லேசில் கொடுக்க மாட்டார்கள். நாத்தனார் தன் மகளின் பிரசவத்துக்கென்று வைத்திருந்ததைத் தம்பிக்குக் கொண்டுவந்திருந்தார். “உதிரி உதிரியா வரும். அவனுக்கு அதான் புடிக்கும்” என்று சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதைத்தான் காய்ச்சினோம். எனக்கும் அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. பழைய அரிசிக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவள்தானே நானும்.

குழைய வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, கிண்ணத்தில் ஊற்றும்போது பதம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு ஒரு கரண்டி இறங்க அத்தனை நேரம் ஆகும். கன்னத்தைத் தடவிவிட வேண்டும், தாடையைத் தாழ்த்தச் சொல்ல வேண்டும், விழுங்கியாச்சா என்று தொண்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பாதிக் கிண்ணம் போவதற்குள் மீதி ஆறி, கட்டியாகி, ஓரத்தில் தெளிவாகத் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்தத் தண்ணீர் கரண்டியோடு வாய்க்குள் போய், கட்டி இறங்குவதற்கு முன்னால் தான் மட்டும் தப்பான வழியில் இறங்கிவிட்டது. அவர் இருமக்கூட இல்லை. முகம் நீலமாகி, கண் மட்டும் என்னைப் பார்த்தது. முதுகைத் தட்டு தட்டென்று தட்டி, குனியவைத்து, எப்படியோ வந்தது. மறுநாள் காய்ச்சல். மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு.

“கஞ்சி காச்சற லட்சணமா இது? படிச்சி இன்னா பிரயோஜனம்?” என்று நாத்தனார் வராந்தாவில் எல்லோரும் கேட்கக் கத்தினார். நானும் விடவில்லை. “உங்க அரிசியத் தூக்கிட்டுப் போங்க” என்று கத்தினேன். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதோம். எங்களுக்குள் அவ்வளவு பயம் இருந்தது, அதைக் கொட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.

இந்த முறை குழாய் போடாமல் தப்பித்தார். வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை வைத்துவிட்டுப் போனார்கள். ராகிக்கூழ், சத்துமாவு, டின்னில் வருகிற பவுடர், பப்பாளி, ஒரு சாமியார் கொடுத்த விபூதி. கூழை வாயிலேயே வைத்திருந்து துப்புவார். பவுடர் கலந்ததைப் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கொள்வார். அவருக்குச் சோறுதான் வேண்டும். அரிசி தின்னவே பிறந்த மனிதர். உடம்பு இற்றுக்கொண்டே வந்தது. சட்டைக்குள் தோள் எலும்பு ஹேங்கர் மாதிரித் தெரிந்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண், “எடை இப்பிடியே எறங்கினா குழாய்னு சொல்லிடுவாங்க மேடம்” என்றாள். சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னேன். எடுத்துக்கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது என்று எனக்கே சிரிப்பு வந்தது.

துடைப்பம் எடுக்க மாடிப்படிக்குக் கீழே குனிந்தபோதுதான் அந்த மூட்டை கண்ணில் பட்டது. எலி ஓரத்தைக் கடித்து அரிசி கொஞ்சம் சிந்தியிருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வயிறு வெள்ளை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறினால் விறைத்துத் தண்ணீர் விடுவது கிளையில்லாத சங்கிலி. அது ஜாஸ்தியாக இருக்கிற அரிசியை, பழசாக்கி இன்னும் உதிரியாக்கி, அதைத்தான் நாங்கள் ஆசை ஆசையாக அவர் தொண்டையில் ஊற்றியிருக்கிறோம். அது கம்மியாக இருக்கிற அரிசி இங்கே எலி தின்னக் கிடக்கிறது. வகுப்பில் வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிற விஷயம். சொந்த அடுப்படியில் அது நினைவுக்கு வர இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஒரு பிடி எடுத்துக் காய்ச்சினேன். சந்து விட்ட மாவு, தண்ணீரை இழுத்துக்கொண்டு சீக்கிரமே வெந்து மசிந்தது. கிண்ணத்தில் ஊற்றி, வேண்டுமென்றே ஆறவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டியாகவில்லை. தண்ணீர் விடவில்லை. கரண்டியைச் சாய்த்தால் ஒரே மொத்தையாக வழுக்கி விழுந்தது.

முதல் கரண்டி வைத்தேன். அவர் தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏறி இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது கரண்டியை வாயில் வாங்கிக்கொண்டு அவர் முகத்தைச் சுளித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. விழுங்கிவிட்டு, கோணிய வாயால், பக்கவாதம் வந்த பிறகு முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் சொன்னார்.

“கொழஞ்சி போச்சி.”

நான் சிரித்தேன், அழுதேன், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவர் எதற்கென்று புரியாமல், நல்ல கையால் கிண்ணத்தைக் காட்டினார். இன்னும் கொடு என்று அர்த்தம்.

ஐப்பசி, கார்த்திகை எல்லாம் அந்த மூட்டையில்தான் ஓடியது. பருப்பை மசித்து அதில் கலந்தேன், நெய் விட்டேன். தோள் எலும்பு மேல் கொஞ்சம் சதை வைத்தது. தீபத்தன்று மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மலைமேல் ஏற்றியதைக் காட்டினோம். நாத்தனாரும் வந்திருந்தார். கஞ்சியைப் பார்த்துவிட்டு, “மாட்டுக்குப் போடற அரிசியிலயா என் தம்பிக்குக் காச்சற?” என்று கேட்டவர், தம்பி விழுங்குவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கரண்டியை என் கையிலிருந்து வாங்கி அவரே கொடுக்க ஆரம்பித்தார்.

மூட்டை மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. தை பிறந்ததும் கொழுந்தனார் புது நெல் அடித்த அரிசியோடு வந்தார். அதே விதை, அதே வயல், மார்கழிப் பனியில் முற்றியது. கண்ணாடி போல அத்தனையும் முழு மணி. மில்காரரே கூப்பிட்டு எடுத்துக்கொண்டாராம். கொழுந்தனார் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. “அண்ணனுக்கு மொத அரிசி” என்று என் கையில் கொடுத்தார். நானும் சந்தோஷமாகத்தான் வாங்கினேன். பழைய மூட்டை அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து காய்ச்சினேன். கிண்ணம் ஆறியதும் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு தண்ணீர் பிரிந்தது. நான் கவனிப்பதற்குள் கரண்டி வாய்க்குள் போய்விட்டது. அந்த நீல முகத்தை மறுபடி பார்த்தேன். அன்றைக்கு அவர் மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகு, அந்த அழகான அரிசியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு கெட்ட அரிசி தேடி அலைந்தேன். டவுனில் ஒரு அரிசி மண்டி விடவில்லை. “வயிறு வெளுத்த அரிசி இருக்குங்களா?” என்று கேட்டால் கடைக்காரர்களுக்கு முகம் மாறிவிடும். ஏதோ ஆபீஸிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். “அந்த மாதிரி சரக்கெல்லாம் நாங்க தொடறதே இல்லம்மா” என்று ஒருவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அவர் முன்னால் திறந்திருந்த மூட்டையிலேயே பத்துக்கு ரெண்டு வெள்ளை வயிறு கலந்து கிடந்தது. பொறுக்கி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார். ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடையில், ஒட்டுகிற அரிசி என்று ஒன்று கிடைத்தது. அதில் நீளச் சங்கிலி அநேகமாகக் கிடையவே கிடையாது. அந்தக் கஞ்சி அவர் மேலண்ணத்தில் பசையாக ஒட்டிக்கொண்டு, விரல் விட்டு எடுக்க வேண்டியதாகிவிட்டது. உதிரவும் கூடாது, ஒட்டவும் கூடாது. புழுங்கிய ராத்திரியில் முற்றிய எங்கள் வயல் நெல்தான் அந்த நடுவில் நின்றது.

பங்குனியில், மூட்டையின் அடியில் கொஞ்சம்தான் இருக்கும்போது, கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். நவரைப் பயிர் கதிர் வாங்கி நின்றது. ஒரு மணியை நகத்தால் நசுக்கினேன். பால் வந்தது. மணிக்குள் வேலை நடக்கிற நேரம். முந்தின நாள்தான் கோடை மழை பெய்திருந்ததால் காற்று சில்லென்று இருந்தது.

“இந்த வருஷம் ராத்திரியில போத்திக்கினு படுக்கற மாதிரி இருக்கு அண்ணி” என்றார் கொழுந்தனார். “மணி சூப்பரா வரும். சாமி கண்ணத் தொறந்துட்டாரு.”

வரப்பில் நின்று பார்த்தால் தூரத்தில் மலை தெரியும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். நெருப்பாக நிற்கிற சாமி என்றுதானே உன்னைச் சொல்கிறார்கள், கொஞ்சம் சூட்டைக் காட்டு என்று வேண்டிக்கொண்டேன். ராத்திரியெல்லாம் புழுங்கட்டும், இந்தக் கதிர் வயிறு வெளுக்கட்டும் என்று, அந்த மனிதரின் வயலிலேயே, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு வேண்டிக்கொண்டேன். நான் வெட்கப்பட்டேன். ஆனாலும் வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

“இன்னா வேண்டிக்கினீங்க?” என்று கேட்டார்.

“உங்க அண்ணன் சாப்புடணும்னு.”

“அதுக்குத்தான் இங்க வாங்க” என்று கிணற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மூலையில் மட்டும் பயிர் இன்னும் சின்னதாக, கதிர் எட்டிப் பார்க்காமல் பச்சையாக நின்றது. எனக்குப் புரியவில்லை. “இத லேட்டா நட்டேன். இது பால் புடிக்கறப்ப கத்திரி வெயில் வந்துடும். கண்டிப்பா கெட்டுப்போவும்” என்றார். “நீங்கதானே அண்ணி சொன்னீங்க, விதை அதேதான், ராத்திரிதான் வேறன்னு.” அப்புறம் பயிரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது போதுமா? இன்னும் ஜாஸ்தியா விட்டிருக்கணுமா?” என்று கேட்டார்.

அவருடைய வயல் முழுதும் கெட வேண்டும் என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சாமியிடம் கேட்டவள் நான். அவர் தானாகவே ஒரு மூலையைக் கெடுத்து வைத்துக்கொண்டு, போதுமா என்று கேட்கிறார். போதும் தம்பி, போதும் என்றேன்.

ஆனால் பழைய மூட்டை அதுவரை தாங்கவில்லை. கடைசி நாட்களில் கஞ்சியைக் குறைத்தேன், கூழைக் கலந்தேன், பவுடரைக் கலந்தேன். எந்தக் கரண்டியில் நெஞ்சுக்குள் போனது என்று எனக்கே தெரியாது. சித்திரையில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இந்த முறை யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் உள்ளே போனபோது குழாய் ஏற்கெனவே மூக்கில் இருந்தது. அவர் பிடுங்கவில்லை. கையைக் கட்ட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து இப்போது குழாய் வழியாகத்தான் போகிறது. வடிகட்டிய கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர், மருந்து. குழாய்க்குப் பழைய அரிசியும் ஒன்றுதான், புது அரிசியும் ஒன்றுதான். உதிர்ந்தால் என்ன, குழைந்தால் என்ன?

வைகாசியில் கொழுந்தனார் மூட்டையோடு வந்தார். கத்திரி வெயில் தன் வேலையைக் காட்டிவிட்டது, அவ்வளவும் வயிறு வெளுத்த அரிசி. வயலின் மற்ற பக்கமெல்லாம் மணி மணியாக விளைந்திருக்க, இதை மட்டும் தனியாக அறுத்து, தனியாக மில்லில் கொடுத்து, மில்காரரின் கேலியைக் கேட்டுக்கொண்டு கொண்டுவந்திருக்கிறார். கட்டில் பக்கத்தில் நின்று அண்ணன் மூக்கில் இருந்த குழாயைப் பார்த்தார். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், மாடிப்படிக்குக் கீழே, பழைய மூட்டை இருந்த இடத்திலேயே வைத்தார்.

நெஞ்சில் சளி முழுக்கக் கரைந்தால் திரும்பக் கரண்டியில் முயற்சி பண்ணலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்போது என்று சொல்லவில்லை. இந்த மாதிரி அரிசி நிறைய நாள் தாங்காது. சந்து விட்ட மணி, வண்டு சீக்கிரம் விழுந்துவிடும். வெயில் ஏறுவதற்கு முன்னால் மாடிக்குக் கொண்டுபோய்ப் பரப்புகிறேன், குரங்கு வராமல் கையில் குச்சியோடு உட்கார்ந்திருக்கிறேன், புடைத்து, வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டுத் திரும்பக் கட்டுகிறேன். மண்டியில் யாரும் தொடாத அரிசியை இப்படிப் பொத்திப் பொத்திப் பாதுகாப்பதைப் பார்த்துப் பக்கத்து மாடிக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இதை ஒருநாள் அவர் கரண்டியில் வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, குழைந்துபோய்விட்டது என்று என்னைத் திட்ட வேண்டும். அதுவரைக்கும் வண்டு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.